செலுத்திய நீர் எங்கே போனது?

நீங்கள் கேட்டது இதுதான்: புவிவெப்ப மின்திட்டங்களில் நான்கைந்து கிலோமீட்டர் ஆழத்துக்கு நீரைச் செலுத்துகிறார்களே, அந்த ஆழத்தில் அது எங்கே போகிறது என்பதை எப்படி அறிகிறார்கள்? சிறு நடுக்கங்கள் தொடங்கியதுமே பம்பை நிறுத்திவிட்டால் பெரிய நடுக்கத்தைத் தவிர்த்துவிடலாம் அல்லவா? பிறகு ஏன் தென்கொரியாவின் போஹாங் நகரில் 2017ஆம் ஆண்டு அவ்வளவு பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது? பம்பை நிறுத்துவது மட்டும் போதாது என்பதே இரண்டாவது கேள்விக்கு என் பதில். ஏன் போதாது என்பது முதல் கேள்விக்கான பதிலில் அடங்கியிருப்பதால், நீரிலிருந்தே தொடங்குகிறேன்.

பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் வெப்பநிலை சராசரியாக 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் உயர்கிறது. ஐஸ்லாந்து, நியூசிலாந்து போன்ற எரிமலை நாடுகளில் சூடான நீரும் நீராவியும் இயல்பாகவே பாறைக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மற்ற இடங்களில் ஐந்து கிலோமீட்டர் ஆழத்துக் கருங்கல் போதிய சூட்டோடு இருந்தாலும், அந்தச் சூட்டை மேலே கொண்டுவர நீர் ஓடுவதற்கு வழி இருப்பதில்லை. அந்த வழியை உண்டாக்கவே உயரழுத்தத்தில் நீரைச் செலுத்துகிறார்கள். அந்த நீர் பாறையைப் புதிதாக உடைப்பது குறைவு. ஏற்கெனவே இருக்கும் பழைய விரிசல்களுக்குள்தான் அது பெரும்பாலும் புகுகிறது. விரிசலின் இரு முகங்களையும் சுற்றியுள்ள பாறை இறுக அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்த இறுக்கத்தால் உண்டாகும் உராய்வே அவற்றை நழுவாமல் பிடித்து வைத்திருக்கிறது. உள்ளே புகுந்த நீர் எதிர்த்து அழுத்தும்போது இறுக்கம் தளர்கிறது, உராய்வு குறைகிறது, நெடுங்காலமாகப் பாறையில் தேங்கியிருந்த தகைவு, அதாவது பாறையை நெருக்கி முறுக்கும் விசை, அந்த விரிசலைச் சிறிதளவு நழுவச் செய்கிறது. சொரசொரப்பான இரு முகங்கள் இடம் மாறிய பின் முன்போல் ஒன்றோடொன்று பொருந்தி மூடிக்கொள்வதில்லை. இடையில் விடுபடும் அந்த மெல்லிய இடைவெளியே நீர் செல்லும் வழியாகிறது. ஆகவே இத்திட்டங்களில் நுண்நடுக்கங்களை வெறும் பக்கவிளைவு என்று சொல்ல முடியாது. வழி திறப்பதும் நடுக்கம் எழுவதும் ஒரே நிகழ்வு. நடுக்கமே வேண்டாம் என்றால் வழியும் கிடைக்காது. எவ்வளவு பெரிய நடுக்கம், எந்த இடத்தில் என்பதே கேள்வி.

நீரழுத்தம் பாறையின் உராய்வைக் குறைக்கும் என்பதைக் கிங் ஹப்பர்ட், வில்லியம் ரூபி என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1959இல் விளக்கினார்கள். சில ஆண்டுகளிலேயே டென்வர் நகரத்துக்கு அருகில், ராணுவ ரசாயனத் தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீரை 3,671 மீட்டர் ஆழக் கிணற்றில் செலுத்தத் தொடங்கியபோது, அதுவரை அமைதியாக இருந்த வட்டாரத்தில் நடுக்கங்கள் தொடங்கின. செலுத்துவதை 1966 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். ஆனால் அந்த வரிசையின் மிகப் பெரிய நடுக்கங்கள் அதற்கடுத்த ஆண்டான 1967இல்தான் வந்தன. நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு அன்றே கிடைத்த முதல் பதில் அது. பின்னர் கொலராடோவின் ரேஞ்ச்லி எண்ணெய் வயலில் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் அழுத்தத்தை வேண்டுமென்றே ஏற்றியும் இறக்கியும் சோதித்தது. அழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டியபோது நடுக்கங்கள் பெருகின, இறக்கியபோது அடங்கின. இந்த இரண்டு அனுபவங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். ரேஞ்ச்லியில் நீரை வெளியே எடுத்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். டென்வரில் வால்வை மூடினார்கள், அவ்வளவுதான். மூடப்பட்ட கிணற்றின் அழுத்தம் மறைந்துவிடுவதில்லை, பாறைக்குள் பரவுகிறது.

இனி, நீரைப் பின்தொடரும் வழிகளுக்கு வருகிறேன். மிக எளிய கருவிகள் கிணற்றின் வாயிலேயே உள்ளன: அழுத்தமானியும் நீரோட்ட அளவியும். ஒரே வேகத்தில் செலுத்திக்கொண்டிருக்கும்போது அழுத்தம் திடீரென்று இறங்கினால், கீழே ஒரு வழி திறந்திருக்கிறது என்று பொருள். பம்பை நிறுத்திய பிறகு அழுத்தம் வேகமாக இறங்குகிறதா, மெல்ல இறங்குகிறதா என்பதைக் கொண்டு பாறை நீரை எவ்வளவு தாராளமாக உள்வாங்குகிறது என்று கணிக்கலாம். கிணற்றின் எந்த ஆழத்தில் நீர் வெளியேறியது என்பதை அறிய வெப்பமானியைக் கயிற்றில் இறக்குவார்கள். குளிர்ந்த நீரை உறிஞ்சிய விரிசல் தன்னைச் சுற்றியுள்ள பாறையையும் குளிர்வித்திருக்கும். பம்பை நிறுத்திய பின் கிணறு முழுவதும் மெல்ல மெல்லச் சூடேறும்போது, அந்த ஓரிடம் மட்டும் பின்தங்கி நிற்கும். வெப்ப வரைகோட்டில் அது ஒரு பள்ளமாகத் தெரியும். இன்று கிணற்றுக் குழாயோடு கண்ணாடியிழை ஒன்றைப் பொருத்திவிட்டால், கிணற்றின் நீளம் முழுவதும் வெப்பத்தையும் அதிர்வையும் இடைவிடாமல் அளக்க முடிகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இயங்கும் ஃபோர்ஜ் ஆய்வுக்களத்தில் இந்த முறையை விரிவாகப் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு கிணற்றில் செலுத்திய நீர் இன்னொரு கிணற்றை அடைகிறதா என்பதைத் தடங்காட்டிகள் சொல்லும். நாப்தலீன் சல்போனேட் வகை உப்புகளில் ஒன்றை எடை போட்டு நீரில் கலந்து அனுப்பிவிட்டு, மறு கிணற்று நீரைக் குறிப்பிட்ட இடைவெளியில் எடுத்துச் சோதிப்பார்கள். அந்த உப்பு ஓரிரு நாளிலேயே பெருமளவு வந்து சேர்ந்தால் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை. நீர் குறுக்குவழி கண்டுவிட்டது, பாறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்ள அதற்கு நேரமில்லை, வெகு சீக்கிரம் அந்தக் கிணறு குளிர்ந்துபோகும். பல வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் நீர் பரந்த பரப்பில் அலைந்து வருகிறது. அனுப்பியதில் பெரும்பகுதி திரும்பி வரவே இல்லை என்றால், அந்த நீர் நாம் நினைத்திராத ஓரிடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இந்தக் கடைசிச் செய்திதான் பாதுகாப்புக்கு மிக முக்கியமானது.

ஆயினும் கிணற்றுக்கு வெளியே, பாறையின் நடுவில் நீர் எங்கே இருக்கிறது என்பதை ஓரளவு நுட்பமாகக் காட்டக்கூடியவை நுண்நடுக்கங்களே. ஒரு விரிசல் நழுவும்போது இருவகை அலைகள் புறப்படுகின்றன. முதன்மை அலை முந்தி வரும். இரண்டாம் அலை பின்தங்கி வரும். உறுதியான படிகப் பாறையில் இவ்விரண்டுக்கும் இடையிலான நேரம் ஒரு வினாடி என்றால், நடுக்கம் சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில் நிகழ்ந்திருக்கிறது. அரை வினாடி என்றால் 4 கிலோமீட்டர். பல அதிர்வுமானிகளிலிருந்து இப்படிக் கிடைக்கும் தொலைவுகள் சந்திக்கும் இடமே நடுக்கத்தின் மையம். இந்தக் கணக்கு எளிதாகத் தோன்றினாலும், இதன் நுட்பத்தைப் பாருங்கள்: அலை வந்து சேர்ந்த கணத்தை ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு பிசகிக் குறித்துவிட்டால் தொலைவில் 800 மீட்டர் பிழை, நூறில் ஒரு பங்கு பிசகினால்கூட 80 மீட்டர் பிழை. 800 மீட்டர் பிழையோடு வரைந்த படத்தில் நடுக்கங்கள் ஓர் உருவமற்ற மேகமாகத் தெரியும். அதே நடுக்கங்களை 50 மீட்டர் துல்லியத்தில் வரைந்தால், அவை ஒரு சாய்ந்த பலகையின்மீது வரிசையாக ஒட்டியிருப்பது தெரியவரலாம். மேகம் என்றால் நீர் பல சிறு விரிசல்களில் பரவுகிறது. பலகை என்றால் அது ஒரு பெரிய பிளவுப்பெயர்ச்சித் தளத்தை, அதாவது இரு பாறைத் தொகுதிகள் ஒன்றையொன்று உரசி நழுவக்கூடிய முறிவை, தொட்டுவிட்டது. ஒரு நகரத்தின் பாதுகாப்பு இந்த வேறுபாட்டில் தங்கியிருக்கிறது. அதனால்தான் நகரத்து வாகன இரைச்சலுக்கு எட்டாத ஆழத்தில், தனித் துளைகளில், அதிர்வுமானிகளைப் புதைக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். அலைகள் அந்த வட்டாரப் பாறையில் எவ்வளவு வேகமாகச் செல்கின்றன என்பதையும், நீரைச் செலுத்தும் முன்பே, அறிந்த இடத்திலிருந்து அதிர்வை எழுப்பி அளந்து வைத்திருக்க வேண்டும். இவை செலவு பிடிக்கும் வேலைகள். ஆனால் இவற்றில் மிச்சம் பிடிப்பதைப் போல் ஆபத்தான சிக்கனம் இந்தத் துறையில் வேறில்லை என்றே கருதுகிறேன்.

நடுக்கம் எழாத இடத்தில் நீர் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. பிரான்சின் சூல்ட்ஸ் புவிவெப்பத் தளத்தில் 1993இல் நீரைச் செலுத்திய பின் கிணற்றுச் சுவரைப் படமெடுத்தபோது, சில விரிசல்கள் சில சென்டிமீட்டர் நழுவியிருந்தன. பதிவான நுண்நடுக்கங்களைக் கொண்டு மட்டும் அந்த நழுவலை விளக்க முடியவில்லை. அதே நாட்டின் தென்கிழக்கில், 282 மீட்டர் ஆழத்தில் ஒரு பிளவுக்குள் நேரடியாக நீரைச் செலுத்தி அளந்த ஆய்வு 2015இல் வெளியானது. அதில் பிளவு முதலில் ஓசையின்றி நழுவியது, நுண்நடுக்கங்கள் அதன் பின்னரே எழுந்தன. ஆகவே நடுக்கத்தைச் சாராத அளவீடுகளும் தேவைப்படுகின்றன. உப்பு கலந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். அதைப் பயன்படுத்தி 2011இல் ஆஸ்திரேலியாவின் பரலானாவில், ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் ஆழத்தில் செலுத்திய நீரால் பாறையின் மின்தடை மாறியதை மேற்பரப்பிலிருந்தே அளந்தார்கள். செயற்கைக்கோள் ராடார் நிலமட்டத்தில் ஏற்படும் மில்லிமீட்டர் அளவு ஏற்ற இறக்கத்தைக் காட்டும். ஆண்டுக்கணக்கில் நீரை எடுக்கும் பெரிய வயல்களுக்கு இது பொருத்தமான கருவி. சில நாட்களில் முடியும் ஆழ்கிணற்றுச் செலுத்துதலுக்கு அவ்வளவாக உதவாது.

இப்போது 'நிறுத்திவிடலாமே' என்ற கேள்வி. நீரழுத்தம் பாறைக்குள் பரவும் விதத்துக்கு ஒரு சீரான கணக்கு உண்டு: இரு மடங்கு தொலைவுக்கு நான்கு மடங்கு காலம். ஆழத்துக் கருங்கல்லுக்குப் பொருந்தக்கூடிய ஒரு மதிப்பை, அதாவது பரவல் கெழு (அழுத்தம் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதைக் குறிக்கும் எண்) வினாடிக்கு 0.1 சதுர மீட்டர் என்பதை, எடுத்துக்கொண்டால், அழுத்தத்தின் முன்விளிம்பு முதல் நாளில் சுமார் 330 மீட்டர் போகும். ஒரு கிலோமீட்டர் போக ஒன்பது நாட்களுக்கு மேல் ஆகும். இரண்டரைக் கிலோமீட்டர் போக ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். நீங்கள் பம்பை நிறுத்தும் கணத்தில் கிணற்றடியில் அழுத்தம் உச்சத்திலும், தொலைவில் குறைவாகவும் இருக்கிறது. நிறுத்திய பிறகு கிணற்றடியில் இறங்குகிறது, தொலைவிலோ இன்னும் ஏறிக்கொண்டே போகிறது. அந்தத் தொலைவில் நழுவும் நிலையில் ஒரு பெரிய பிளவு இருந்தால், பம்பு ஓய்ந்து நெடுநாள் கழித்தும் அது நழுவக்கூடும்.

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரம் இதைச் சில மணி நேரத்துக்குள் கண்டது. 1356இல் பெரும் நிலநடுக்கத்தால் அழிந்த வரலாறு உள்ள அந்த நகரத்துக்குள்ளேயே ஐந்து கிலோமீட்டர் ஆழக் கிணறு தோண்டி, 2006 டிசம்பர் 2 முதல் ஆறு நாட்களில் சுமார் 11,500 கன மீட்டர் நீரைச் செலுத்தினார்கள். டிசம்பர் 8 அதிகாலையில் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டி 2.6 அளவு நடுக்கம் வந்தது. நீரோட்டத்தைக் குறைத்தார்கள், முற்பகலில் முழுவதும் நிறுத்தினார்கள். அன்று மாலையே 3.4 அளவு நடுக்கம் நகரத்தை உலுக்கியது. பிறகு வால்வைத் திறந்து நீரை வெளியே விட்ட பின்பும், 2007 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் 3க்கு மேற்பட்ட நடுக்கங்கள் தொடர்ந்தன. சுவர்களில் விரிசல் கண்ட வீட்டுக்காரர்களுக்குப் பல மில்லியன் சுவிஸ் பிராங்க் இழப்பீடு வழங்கப்பட்டது. 2009இல் திட்டம் கைவிடப்பட்டது. அங்கே பயன்படுத்தியது 'போக்குவரத்து விளக்கு' முறை: நடுக்கத்தின் அளவு குறைவாக இருந்தால் பச்சை, ஒரு வரம்பைத் தொட்டால் மஞ்சள், அதற்கும் மேல் போனால் சிவப்பு. முறை சொன்னபடியே வேலை செய்தது, குறித்த வரம்பில் சிவப்பு விளக்கும் எரிந்தது. அந்த விளக்கு ஏற்கெனவே நடந்துவிட்டதை மட்டுமே பார்க்கிறது என்பதுதான் அதன் குறை. நீர் இந்த நேரம் எங்கே இருக்கிறது, அடுத்து எதைத் தொடப்போகிறது என்ற கேள்வி அந்த முறைக்குள் இல்லவே இல்லை.

போஹாங்கின் கதை இந்தக் குறையின் முழு விலையையும் காட்டுகிறது. அங்கே நான்கு கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்துக்கு பிஎக்ஸ்-1, பிஎக்ஸ்-2 என இரண்டு கிணறுகள் தோண்டப்பட்டன. 2015இல் பிஎக்ஸ்-2 கிணற்றைத் தோண்டும்போது, சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில், துளையிடும்போது கிணற்றுக்குள் சுற்றவிடும் சேற்றுக்குழம்பு பெருமளவு பாறைக்குள் போய் மறைந்தது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் எவருக்கும் இதன் பொருள் தெரியும்: அந்த ஆழத்தில் பாறை நொறுங்கித் திறந்து கிடக்கிறது. 2016 ஜனவரியிலிருந்து 2017 செப்டம்பர் வரை இரு கிணறுகளிலும் மாறி மாறி ஐந்து முறை நீரைச் செலுத்தினார்கள். மொத்தம் சுமார் 12,800 கன மீட்டர். திரும்பி வெளியேறியது போக உள்ளே தங்கியது அதில் பாதிக்கும் குறைவு. மூன்றாம் முறை முடிந்த மறுநாள், 2017 ஏப்ரல் 15 அன்று, 3.2 அளவு நடுக்கம் வந்தது. அதன் பிறகும் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நீர் செலுத்தப்பட்டது. கடைசிச் செலுத்துதல் முடிந்து ஏறத்தாழ இரண்டு மாதம் ஆன நிலையில், நவம்பர் 15 பிற்பகலில் 5.5 அளவு நிலநடுக்கம் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர், ஒருவர் உயிரிழந்தார், ஆயிரக்கணக்கான கட்டடங்கள் சேதமடைந்தன. மறுநாள் நடக்கவிருந்த நாடு தழுவிய கல்லூரி நுழைவுத் தேர்வை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள்.

கொரியப் புவியியல் சங்கம் ஒருங்கிணைத்த ஆய்வுக்குழு, நீரைச் செலுத்தியதே இந்த நிலநடுக்கத்தைத் தூண்டியது என்ற தன் முடிவை 2019 மார்ச் 20 அன்று வெளியிட்டது. அந்தக் குழுவில் பங்குபெற்ற வெளிநாட்டு அறிஞர்கள், ஐந்து செலுத்துதல்களின்போதும் பதிவான நுண்நடுக்கங்களை, திருத்திய அலைவேகக் கணக்கோடு மீண்டும் இடம் குறித்துப் பார்த்தார்கள். பிஎக்ஸ்-2இல் நீர் செலுத்தியபோது எழுந்த நடுக்கங்கள் ஒரே சாய்ந்த தளத்தில் வரிசையாக அமைந்திருந்தன. அந்தத் தளத்தை நீட்டினால் பிஎக்ஸ்-2 கிணற்றை அது வெட்டும் இடம், முன்பு சேற்றுக்குழம்பு மறைந்த அதே ஆழம். நவம்பர் 15 அன்று நழுவியதும் அதே தளமே. பிறகு கிணற்றுக்குள் கருவியை இறக்கியபோது, ஏறக்குறைய அந்த ஆழத்துக்குக் கீழே போக முடியாமல் பிஎக்ஸ்-2 அடைபட்டிருந்தது. இரு கிணறுகளின் நீர்மட்டங்களுக்கு இடையே பல நூறு மீட்டர் வேறுபாடு இருந்தது. அடியில் சில நூறு மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு கிணறுகளை இடையில் ஏதோ ஒன்று தடுத்துப் பிரிக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். மறைந்த சேற்றுக்குழம்பு, பலகைபோல் வரிசை கட்டிய நுண்நடுக்கங்கள், ஏப்ரல் மாதத்து 3.2 ஆகிய மூன்றும் நவம்பருக்கு முன்பே பதிவாகியிருந்தவை. அவை ஒரே படத்தில், ஒரே மேசையில், நேரத்தோடு வைத்துப் பார்க்கப்படவில்லை. இதை எழுதும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

போஹாங் இன்னொரு நம்பிக்கையையும் உடைத்தது. செலுத்திய நீரின் கனஅளவைப் பாறையின் விறைப்புக் கெழுவால் (உருமாறாமல் பாறை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் காட்டும் எண்ணால்) பெருக்கினால், வரக்கூடிய நடுக்கத்தின் உச்ச வரம்பு கிடைக்கும் என்று 2014இல் அமெரிக்க நிலநடுக்க அறிஞர் ஆர்தர் மெக்கார் முன்வைத்த கணக்குக்குப் பல திட்டங்கள் பொருந்திவந்தன. போஹாங்கில் உள்ளே தங்கிய நீருக்கு அந்தக் கணக்கைப் போட்டால் ஏறத்தாழ 3.4 அளவு வருகிறது. வந்ததோ 5.5, ஆற்றலில் ஆயிரம் மடங்குக்கும் மேல். அந்த ஆற்றலைப் பம்பு கொடுக்கவில்லை. அது புவித்தட்டுகளின் நகர்வால் அந்தப் பிளவில் முன்பே சேர்ந்திருந்தது, நீர் அதற்குக் கதவைத் திறந்துவிட்டது. எவ்வளவு நீர் என்பதைவிட எந்தப் பிளவில் நீர் என்பது ஏன் முக்கியம் என்று இதிலிருந்து புரியும்.

மராட்டியத்தின் கொய்னா அணைப் பகுதியில் 1967 டிசம்பரில் வந்த 6.3 அளவு நடுக்கத்தை நினைவுகூர்ந்து, இரண்டும் ஒன்றா என்று நீங்கள் கேட்கக்கூடும். அங்கே நீர்த்தேக்கத்தின் பாரமும் கசிவும், இங்கே கிணற்றின் அழுத்தம். வழி வேறு, தகைவு தேங்கிய பிளவை நீர் எட்டியது என்ற அளவில் ஒன்றே.

முறையாகச் செய்தால் எப்படியிருக்கும் என்பதற்குப் பின்லாந்தின் எஸ்போ நகரத்தைச் சொல்வேன். ஹெல்சிங்கியை ஒட்டிய அந்த நகரத்தில் 2018 ஜூன், ஜூலை மாதங்களில் 49 நாட்கள், 6.1 கிலோமீட்டர் ஆழக் கிணற்றில் 18,000 கன மீட்டருக்கும் சற்று மேற்பட்ட நீரைச் செலுத்தினார்கள். இது பாசெலைவிடவும் போஹாங்கைவிடவும் அதிகம். சிவப்பு விளக்கின் வரம்பு 2.1. பக்கத்துத் துளையில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே பன்னிரண்டு அதிர்வுமானிகளை அடுக்கியிருந்தார்கள். சுற்றிலும் வேறு துளைகளிலும் கருவிகள் இருந்தன. ஒவ்வொரு நுண்நடுக்கமும் சில நிமிடங்களில் இடம் குறிக்கப்பட்டு, செலுத்தும் குழுவின் கைக்குப் போனது. வெளிப்படும் அதிர்வாற்றல் செலுத்தும் ஆற்றலுக்கு ஏற்ப அளவோடு வளர்கிறதா, மீறி வளர்கிறதா என்பதைப் பார்த்து நீரோட்டத்தைக் குறைத்தார்கள், இடையிடையே பாறைக்கு ஓய்வு கொடுத்தார்கள். மிகப் பெரிய நடுக்கம் 1.9இல் நின்றது. அங்கே பாறையின் இயல்பும் கைகொடுத்தது என்பதை மறைக்கக் கூடாது. நடுக்கங்கள் சிதறிய சிறு விரிசல்களிலேயே எழுந்தன, பெரிய தளம் எதுவும் குறுக்கிடவில்லை. போதிய நீரோட்டம் கிடைக்காததால் அத்திட்டம் வணிக அளவில் வெப்பம் தரவும் இல்லை. ஆயினும் பெரிய தளம் குறுக்கிட்டிருந்தால் அதை அந்த வாரத்திலேயே கண்டிருக்கக்கூடிய ஏற்பாடு அவர்களிடம் இருந்தது.

ஆகவே, ஒரு புவிவெப்பத் திட்டத்தின் பாதுகாப்பை நீங்கள் விசாரிக்க நேர்ந்தால், எந்த அளவு நடுக்கத்தில் நிறுத்துவீர்கள் என்ற கேள்வியோடு விட்டுவிடாதீர்கள். கிணறு தோண்டும்போது எந்த ஆழத்தில் குழம்பு மறைந்தது, நடுக்க மையங்களை எத்தனை மீட்டர் துல்லியத்தில் குறிக்கிறார்கள், அந்தப் புள்ளிகள் கோடாகவோ தளமாகவோ வரிசை கட்டுகின்றனவா என்பதை யார் அன்றாடம் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். உள்ளே போன நீரில் திரும்பி வராத பங்கு எவ்வளவு என்றும், பம்பு நின்ற பிறகு எத்தனை மாதம் கருவிகளைக் கழற்றாமல் வைத்திருப்பார்கள் என்றும் கேளுங்கள். பம்பு நின்றதற்கும் மிகப் பெரிய நடுக்கத்துக்கும் இடைப்பட்ட காலம் போஹாங்கில் இரண்டு மாதம்; டென்வரில் அது ஓராண்டுக்கும் மேல்.